புதிய மடக்குக்கத்தியும் அதன் அலகிற் காணும் கறைகளும்

மண்வெட்டி வாங்கச் செல்லும் கமக்காரர் அதன் அலகை விரலாற் சுண்டி ஒலி கேட்பர். பிடி செருகும் துளையின் வாயைத் தடவிப் பார்ப்பர். நாலைந்தைத் தள்ளிவிட்டே ஒன்றைத் தெரிவர். அதே கமக்காரர் மடக்குக்கத்தி வாங்கும்போது, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே மடியிற் செருகிக்கொண்டு வீடு திரும்புவர். சிறிய பொருள், விலை குறைந்த பொருள் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆயினும் நாளொன்றிற் பன்முறை கையிலெடுக்கப்படும் கருவி எதுவென எண்ணிப் பார்ப்பின், அது மண்வெட்டியன்று.

பசளைப் பையின் தையலை அறுப்பதும், நாற்றுக்கட்டின் நாரை வெட்டுவதும், தக்காளிச் செடியைத் தாங்குதடியிற் கட்டிய கயிற்றை நறுக்குவதும், கத்தரிக்காயைக் காம்புடன் கொய்வதும் இக்கத்தியே. இவற்றினும் மேலான வேலையொன்றும் இதற்குண்டு. வயலில் நடுக்குருத்துக் காய்ந்த மட்டத்தைப் பிடுங்கித் தண்டை நீளவாக்கிற் பிளந்து பார்த்தாலன்றி, உள்ளே தண்டு துளைப்பானின் புழு இருக்கின்றதா என்பதை உறுதியாக அறிதல் இயலாது. பச்சை மாறாமலே திடீரென வாடும் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டைத் தெளிந்த நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீருள் அமிழுமாறு தொங்கவிட்டால், பற்றீரியா வாடல் நோயாயின் சில நிமிடங்களிற் பால்போன்ற இழைகள் நீரில் இறங்கக் காணலாம். வெட்டுமுகத்தில் வளையம்போலத் தோன்றும் கபிலநிறமும் இந்நோயின் அடையாளமே. கறள் படிந்த அலகால் வெட்டினால், அந்நிறம் நோயினால் வந்ததோ கத்தியினால் வந்ததோ என்ற ஐயம் எழும். இந்நோய் பங்கசுநாசினி தெளிப்பதாற் குணமாவதன்று. ஐயத்தினால் மருந்து வாங்குபவர் பணத்தை இழப்பதோடு, நோயுற்ற செடியைப் பிடுங்காது விட்டு அயற்செடிகளையும் இழப்பர்.

கடையிற் பார்க்க வேண்டியவை

மடக்குக்கத்தியில் உறுப்புகள் சிலவே. வெட்டும் அலகு, அலகைத் தாங்கும் பிடி, பிடியின் முதுகில் நீண்டு கிடந்து, அலகை விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் அழுத்திப் பிடிக்கும் வில், அலகு சுழலும் ஆணி, பிடியின் உட்புறத்தே இருமருங்கும் பதித்த மெல்லிய தகடுகள். பழுது பெரும்பாலும் வில்லிலும் ஆணியிலுமே காணப்படும். அலகின் பளபளப்பைப் பார்த்துக் கத்தியைத் தெரிவு செய்வோர் இவ்விரண்டையும் பார்ப்பதேயில்லை.

முதலிற் கத்தியை மடித்த நிலையில் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, அலகு செருகிக் கிடக்கும் பள்ளத்தை நோக்குதல் வேண்டும். அலகு இருபுறத் தகடுகளுக்கும் நடுவே நிற்றல் நன்று. ஒரு பக்கஞ் சாய்ந்து தகட்டில் உராய்ந்தால், மடிக்கும்போதெல்லாம் வெட்டுவாய் தேயும். அலகின் பக்கத்தில் நீண்ட கீறலும் விழும். வில்லுக்கும் தகட்டுக்கும் இடையே ஒளி ஊடுருவித் தெரிந்தால், அவ்விடைவெளியிற் சேறும் நீரும் புகுந்து தங்கும். வயலிற் பயன்படும் கத்திக்கு இஃது ஆகாத குற்றமாகும்.

பின்னர் நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து அலகை மெல்ல விரிக்க. நல்ல வில்லாயின், தொடக்கத்தில் எதிர்த்துப் பின் இசைந்து, முடிவில் 'டக்' என்ற ஒலியுடன் அலகைத் தன் நிலையிற் கொண்டுபோய் நிறுத்தும். ஒலியின்றித் தளர்ந்து விரியும் அலகு, வெட்டும்போது விரல்மேல் மடிந்து விழக்கூடியது. பூட்டில்லாத மடக்குக்கத்தியில் விரலைக் காப்பது வில்லின் இறுக்கமொன்றே. இதனைச் சோதிக்கும்போது விரல்கள் பள்ளத்தின் வாய்க்கு எதிரே இராதவாறு பிடியைப் பக்கவாட்டிற் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பிலே மெல்ல அழுத்துதல் வேண்டும். அழுத்தத்தை உணர்ந்தவுடனேயே மடிந்துவிடும் கத்தியை வாங்கலாகாது. மறுபுறத்தில், நகம் பிய்ந்துபோகுமளவு இறுகிய வில்லும் நல்லதன்று. ஈரக்கையால் அதனை விரிக்க முயல்பவரின் பிடி வழுக்கும். சேற்றுக்கையுடன் நிற்கும் கமக்காரர் இதனை மறத்தலாகாது.

விரித்த அலகின் முனையருகே முதுகைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி, இடமும் வலமுமாக அசைத்துப் பார்க்க. ஆணியிலே ஆட்டம் இருப்பின் அது நாளடைவிற் கூடுமேயன்றிக் குறையாது. சுத்தியலால் ஆணியின் தலையைத் தட்டி இறுக்கிக் கொள்ளலாமெனச் சிலர் கூறுவர். பழைய கத்திக்கு அது பொருந்தலாம். புதிய கத்திக்குப் பணங் கொடுத்துவிட்டுச் சுத்தியலைத் தேடுவது அறிவுடைமையன்று. ஆணித்தலைகள் பிடியின் மட்டத்திற்கு மேலே துருத்தி நின்றால், அரைநாட் காய்கொய்தலின் பின் உள்ளங்கை கொப்புளிக்கும். பிடி மரமாயினும் கொம்பாயினும் பிளாத்திக்காயினும், ஆணி இறங்கிய இடத்தைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்பு உண்டோவென நோக்குதல் அவசியம்.

வெட்டுவாய்

வெட்டுவாயைக் கண்ணுக்கு நேரே, மேல்நோக்கியவாறு ஒளியிற் பிடித்தால், கூரான இடம் கண்ணுக்குத் தெரியாது. எங்கெங்கு வெள்ளைப் புள்ளியாகவோ கோடாகவோ ஒளி தெறிக்கின்றதோ, அங்கெல்லாம் வாய் மழுங்கியோ முறிந்தோ இருக்கின்றது. விரலால் தடவிப் பார்ப்பதிலும் இம்முறை பாதுகாப்பானது. மெல்லிய கடதாசித் தாளொன்றை அடியிலிருந்து முனைவரை இழுத்து அரிந்து பார்த்தாலும் இதுவே தெரியவரும். எவ்விடத்திற் கத்தி இடறுகின்றதோ அவ்விடத்திற் பிசிரோ சிறு முறிவோ உண்டு. பிசிர் தீட்டுக்கல்லில் நாலைந்து முறை இழுக்கப் போய்விடும். முறிவு அவ்வாறு போகாது.

இன்னுமொரு குற்றம் கடையில் எவர் கண்ணிலும் படுவதில்லை. சில கத்திகளில் அலகை மடிக்கும்போது வெட்டுவாய் உள்ளேயுள்ள வில்லின்மேற் சென்று மோதும். எத்துணை நன்றாகத் தீட்டினாலும், ஒரே இடம் மறுபடியும் மறுபடியும் மழுங்குவதன் காரணம் இதுவே. பள்ளத்தினுள்ளே மெல்லிய கடதாசித் துண்டொன்றை நீளவாக்கில் இட்டு, அலகை மெதுவாக முழுவதும் மடித்து, மீண்டும் விரித்துத் துண்டை எடுத்துப் பார்க்க. அதில் வெட்டு விழுந்திருப்பின் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுதல் நன்று. அலகைச் சட்டென அறைந்து மடிக்கும் பழக்கமும் இக்குற்றத்தை உண்டாக்கும்.

கறைகள்

புதிய கத்தியின் அலகிற் கறை காணப்பட்டால், அது பழைய கத்தியென்றும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரென்றும் பலர் எண்ணுவர். மற்றுஞ் சிலர் எக்கறையையும் பொருட்படுத்தாது விடுவர். இவ்விரு சாராரும் தவறுகின்றனர். கறைகளுட் சில வெறும் அழுக்கு. சில இரும்பின் இயல்பு. சில கத்தி கெட்டுவிட்டதன் அறிகுறி. ஆகவே கறையை முதலிற் கழுவிப் பார்த்தே தீர்ப்புக் கூறுதல் வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் கத்திகளுக்குக் கறள் பிடியாவண்ணம் எண்ணெயோ மெழுகோ பூசப்படுதல் வழக்கம். பலநாட் பெட்டியிற் கிடந்தபின் அப்பூச்சு காய்ந்து, மஞ்சளாகவோ கபிலமாகவோ திட்டுத்திட்டாகத் தோன்றும். மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, பின் இளஞ்சூட்டு நீரிற் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடனே உலர்த்தினால் இக்கறை முற்றாக நீங்கும். நீங்கினால் கவலை வேண்டியதில்லை.

கழுவியபின்னும் எஞ்சி நிற்பது கறளாயின், அதன் நிறம் செம்மையாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும். கைரேகையின் வடிவிலேயே கறள் படிந்திருப்பதும் உண்டு. வியர்வையிலுள்ள உப்பே அதற்குக் காரணம். இத்தகைய மேற்கறளை மண்ணெண்ணெயும் மிக நுண்ணிய அரத்தாளும் கொண்டு, அலகின் நீளப்போக்கிலேயே தேய்த்து அகற்றலாம். குறுக்கே தேய்த்தலாகாது. அகற்றியபின் அவ்விடத்தின்மேல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்க்க. நகம் வழுக்கிச் சென்றால் அது வெறுங் கறை. இடறினாற் குழி விழுந்துவிட்டது. முதுகுப்புறத்திற் குழி இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெட்டுவாய்க்கு அருகே குழி இருப்பின், இரண்டொரு முறை தீட்டியபின் அக்குழி வாயை எட்டும். அங்கே வாய் பல்லுப்பல்லாக உடையும். புதிய கத்தியில் இதனைக் கண்டால் வேறு கத்தி கேட்டலே முறை.

மூன்றாவது வகை, வானவில்லிற் காணும் நிறங்கள் போன்று வெட்டுவாயை ஒட்டித் தோன்றும் நிறமாகும். வைக்கோல் நிறம், கபிலம், ஊதா, நீலம் என அது படிப்படியாக வேறுபடும். சாணைச்சக்கரத்தில் நீரின்றித் தீட்டும்போது அலகு அளவுக்கு மீறிச் சூடேறியதன் அடையாளம் இது. சாதாரண காபன் உருக்கு ஏறத்தாழ 230 செல்சியசுப் பாகையில் இளமஞ்சள் நிறமும் 300 பாகையளவில் நீலநிறமும் கொள்ளும். நீலநிறங் கொண்ட வெட்டுவாய் தன் கடினத்தைப் பெரிதும் இழந்துவிட்டது. அதனை எவ்வளவு தீட்டினும் கூர் நிலைக்காது. நாரை வெட்டுகையிலேயே வாய் மடங்கும். நிறத்தைத் தேய்த்து அகற்றிவிடலாம். போன கடினத்தை வீட்டில் மீட்க இயலாது. விற்பனைக்கு வைத்த கத்திகளில் இந்நிறம் தேய்த்து மறைக்கப்பட்டும் இருக்கலாம். ஆதலால் வாயின் மிக நுனியையும், முனைப்பகுதியையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மெல்லிய முனையே முதலிற் சூடேறும். நிறப்பூச்சுப் பூசிய அலகுகளும் இக்காலத்தில் வருகின்றன. அவை அலகு முழுவதும் ஒரே நிறமாயிருக்கும். அதனை இக்குற்றத்துடன் குழப்பிக் கொள்ள வேண்டியதில்லை.

நான்காவது, வாங்கிய பின்னரே தோன்றுவது. புதிய கத்தியால் வாழைத்தண்டையோ பாக்கையோ மாங்காயையோ வெட்டிய அன்றே அலகு கறுத்துவிட்டதெனக் குறைகூறுவோர் பலர். இது குற்றமன்று. இப்பொருள்களின் துவர்ப்புக்குக் காரணமான தனின் என்னும் பொருள் இரும்புடன் சேர்ந்து கருமை நிறத்தைத் தருகின்றது. முற்காலத்து எழுதுமையும் இம்முறையிலேயே செய்யப்பட்டது. சாம்பல் நிறமாகவும் கருநீலமாகவும் சமமாகப் படியும் இப்படலம், செங்கறளைப்போல இரும்பை அரித்துக் குழி செய்வதன்று; ஓரளவு காப்பாகவும் உதவும். அழகுக்காக இதனைச் செங்கற்றூள் இட்டுத் தேய்ப்பவர், புதிய அலகிற் கீறல்களை உண்டாக்கிக் கறள் பிடிக்க வழி செய்கின்றனர்.

காபன் உருக்கா, கறையில் உருக்கா?

காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டாற் கறையில் உருக்கு என்று சந்தையிற் கூறக் கேட்கலாம். கத்தியைப் பொறுத்தவரை இது பொய்யான சோதனையாகும். கத்தி அலகுக்கென வன்மையேற்றிய கறையில் உருக்கும் காந்தத்தால் ஈர்க்கப்படும். இங்கிலாந்தின் செபீல்டு நகரில் 1913ஆம் ஆண்டில் ஹரி பிரியர்லி என்பவர், துவக்குக் குழாய்களுக்குத் தேய்வு குறைந்த உருக்கைத் தேடியபோது, ஏறத்தாழ 13 வீதம் குரோமியம் கலந்த உருக்கை உண்டாக்கினார். குழாய்க்கெனத் தேடிய அவ்வுருக்கு, புளிப்புப் பொருள்களால் எளிதில் அரிக்கப்படாமையால், கத்தி செய்வோரின் கைக்குச் சென்றது.

வீட்டிற் செய்யத்தக்க சோதனை எளிது. அலகை எண்ணெய் நீங்கக் கழுவி உலர்த்தி, பிடியை ஒட்டிய பகுதியில் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு இட்டுக் கால்மணி நேரம் விட்டுவைக்க. துளி இருந்த இடம் சாம்பல் நிறமாகக் கறுத்தாற் காபன் உருக்கு. மாறாதிருந்தாற் கறையில் உருக்கு. இவற்றுள் எது சிறந்தது என்பது வேலையைப் பொறுத்தது. காபன் உருக்கு எளிதிற் கூரேறும். ஒட்டு வைப்போர் பலர் அதையே விரும்புவர். ஆயின் நாள்தோறும் துடைத்து எண்ணெயிட வேண்டும். மழைக்காலத்திற் சேற்றில் நின்று வேலை செய்பவருக்கும், மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு போன்ற இடங்களிற் கடற்காற்றுப் படும் தோட்டங்களை உடையவருக்கும் கறையில் உருக்கே தொல்லை குறைந்தது.

கறையில் உருக்கு ஒருநாளும் கறள் பிடியாது என்று எண்ணுவதும் தவறு. வயலுக்கிடும் மியூரியேற்றுப் பொட்டாசு, பொட்டாசியங் குளோரைட்டு ஆகும். கறியுப்பைப்போல இதுவும் குளோரைட்டு உப்பே. இப்பையின் தையலை அறுத்துவிட்டுக் கழுவாமல் மடித்து வைத்த கத்தியில், கறையில் உருக்காயினும், ஊசிமுனையளவான ஆழ்ந்த குழிகள் தோன்றலாம். பசளை வீசும் நாட்களிற் கத்தியைக் கழுவி உலர்த்திய பின்பே மடித்தல் வேண்டும்.

போர்டோக் கலவையும் கத்தியும்

பிரான்சில் 1885ஆம் ஆண்டளவிற் பேராசிரியர் மில்லார்தே வெளியிட்ட போர்டோக் கலவையை வீட்டிற் கலந்து பயன்படுத்துவோர் இன்றும் உளர். நூறு இலீற்றர் நீருக்கு ஒரு கிலோகிராம் மயில்துத்தமும் ஒரு கிலோகிராம் சுண்ணாம்பும் சேர்ப்பது ஒரு வீதக் கலவையாகும். சுண்ணாம்பு குறைந்தால் எஞ்சிய செம்பு இலைகளைக் கருக்கிவிடும். இதனை அறிவதற்குக் கத்தியே கருவி: நன்கு துலக்கிய காபன் உருக்கு அலகைக் கலவையில் ஒரு நிமிடமளவு அமிழ்த்தி எடுத்தால், செம்மையான செப்புப் படலம் படிந்திருப்பின் சுண்ணாம்பு போதாது, இன்னுஞ் சுண்ணாம்புப்பால் சேர்த்து மீண்டும் சோதிக்க வேண்டும். இங்கே கறள் படிந்த அலகும் கறையில் உருக்கும் கமக்காரரை ஏமாற்றும். முன்னதிற் செம்மை எது, கறள் எது எனத் தெரியாது. பின்னதிற் செம்பு படியாது போகலாம். அலகிற் படிந்த செம்பைத் துடைத்தெடுக்காமல் விட்டால், அதனருகே இரும்பு விரைந்து கறள் பிடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு

வில்லிலும் அலகின் அடியிலும் வெடிப்புண்டோ என்பதை வீட்டிலே அறியலாம். அவ்விடங்களில் மண்ணெண்ணெய் பூசி, அரைமணி நேரம் விட்டு, உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெண்கட்டியைத் தூளாக்கி மெல்லத் தூவுக. வெடிப்பினுட் புகுந்த எண்ணெய் சிறிது நேரத்திற் கசிந்து, வெண்தூளின்மேல் ஈரமான கோடாகத் தோன்றும். அலகும் வில்லும் சந்திக்கும் பொருத்தில் எண்ணெய் கசிதல் இயல்பே. அதனை வெடிப்பென எண்ணிவிடலாகாது. வெடித்த வில், பாரமான வேலையின் நடுவே முறியும்.

இச்சோதனைகளுட் சில வீட்டிலேயே செய்யத்தக்கவை. ஆகவே கத்தியை வாங்கும்போதே, குற்றங் கண்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டு, பற்றுச்சீட்டும் பெற்றுக்கொள்ளுதல் நன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டாற் பற்றுச்சீட்டுக் கொடுத்தல் வணிகரின் கடமையாகும். சோதித்து முடியும்வரை கத்தியால் எதையும் வெட்டாதிருத்தலும், தீட்டுக்கல்லில் இழுக்காதிருத்தலும் வேண்டும்.

பயன்படுத்தும்போது

நோயுற்ற செடியை வெட்டிய கத்தியை நலமான செடியில் வைத்தலாகாது. வாடல் நோய்ப் பற்றீரியாவும், தக்காளி, மிளகாய், புகையிலை ஆகியவற்றைத் தாக்கும் சித்திரவடிவ வைரசும், தோடை இனங்களின் நோய்கள் சிலவும் அலகிற் படிந்த சாற்றின் மூலம் பரவக்கூடியவை. அலகைத் தீயிற் காட்டித் தூய்மை செய்வோர், மேலே கூறிய நீலநிறத்தைத் தாமே வரவழைத்துக் கொள்கின்றனர். வீட்டுப் பாவனைக்கான வெளிற்றுத் திரவம் ஒரு பங்கிற்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து அன்றன்று புதிதாகக் கலந்து, அதில் அலகை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்தல் போதுமானது. இத்திரவம் இரும்பை விரைந்து அரிக்கும். வேலை முடிந்தவுடன் நீரிற் கழுவி, துடைத்து, எண்ணெயிட வேண்டும். இருவர் சேர்ந்து வேலை செய்யும் தோட்டத்தில் இரு கத்திகளை மாறிமாறிப் பயன்படுத்தினால் தாமதம் நேராது.

கறள் பிடித்த கத்தி பட்டால் ஏற்புவலி வருமென்பது ஊரிற் பரவிய நம்பிக்கை. அந்நோயை உண்டாக்குவது கறளன்று; மண்ணிலும் எருவிலும் வாழும் கிருமியின் வித்திகளே. பளபளக்கும் புதிய கத்தியும், மண் பட்டிருப்பின், அதே ஆபத்தைத் தரும். ஆழமாக வெட்டுப்பட்டவர் காயத்தைச் சவர்க்காரமும் நீருங் கொண்டு கழுவி, தடுப்பூசி பற்றி அண்மையிலுள்ள வைத்தியசாலையில் தாமதமின்றிக் கேட்டறிதல் வேண்டும்.

அலகுக்கு மெல்லிதாகத் தேங்காயெண்ணெய் பூசலாம். நல்லெண்ணெய் நாளடைவிற் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆணிக்கும் வில்லுக்கும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். ஒட்டு வைக்கும் நாளில், வெட்டுமுகத்தில் எண்ணெய் படிந்தால் ஒட்டுப் பொருந்தாமற் போகுமாதலால், அலகைத் துடைத்துவிட்டே தொடங்குதல் வேண்டும். தோலுறை கத்திக்கு அழகு தருமாயினும், தோல் ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும். பதனிட்ட உப்பும் அதிலே தங்கியிருக்கும். பெரும்போக மழைக்காலத்தில் தோலுறையிலிட்டு இறப்பிற் செருகி வைத்த கத்தியை மாசியில் எடுத்துப் பார்ப்பவர், அலகிலே செங்கறளையும் பித்தளைத் தகட்டிலே பச்சைக் களிம்பையும் காண்பர். எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியிற் சுற்றி, உலர்ந்த தகரப் பெட்டியில் இட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க.